முதற் கேள்விக்கு யார் பதில் சொல்வார்?

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். மதிய விருந்தில் பாயாசம் இரண்டாந் தரமும் பரிமாறப்பட்டதைப் பார்த்தபோது அதுதான் இன்றைய தேவை என்று எங்களுக்கும் தோன்றியது. ஆனால் எங்கள் வகுப்பில் வைத்தியரானவர்கள் மட்டுமல்லாமல் ஆசிரியைகளும் கணக்காளர்களும் மென்பொருள் பொறியியலாளர்களும் வீட்டைப் பொறுப்பாகப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மாதமாகத் தொலைபேசிக் குழுவில் வாதாடி, எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு விடயத்தையே இங்கே கொண்டுவந்திருக்கிறோம். முடிவில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் வைப்போம்.

கடந்த பரிசளிப்பு விழா முடிந்து நாங்கள் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி வந்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருப்பவள். "அக்கா, உங்கட வகுப்பில கொம்பியூட்டர் வேலை செய்யிற ஆராவது இருக்கினமோ?" என்று கேட்டாள். ஏன் என்று கேட்டதும் மெல்ல மெல்லக் கதை வந்தது.

மச்சாளின் பழைய மடிக்கணினியில் அவள் தானாகவே செய்நிரல் எழுதப் பழகியிருக்கிறாள். யாரும் இலவசமாகப் பாவிக்கக்கூடிய ஒரு மென்பொருளில் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் அகரவரிசை மாறி வருவதைக் கண்டிருக்கிறாள். எங்கே பிழை என்று தேடிக் கண்டுபிடித்து, திருத்தி, அந்த மென்பொருளை உருவாக்குபவர்களுக்கு அனுப்பியும் இருக்கிறாள். பத்தொன்பது நாளாக ஒரு பதிலும் இல்லை. "நான் செய்தது பிழை போலக் கிடக்கு அக்கா. அதுதான் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே அவள் போகவில்லை.

அன்றிரவே மெல்பேணில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி அவள் எழுதியதை எடுத்துப் பார்த்தாள். திருத்தம் சரி. ஆனால் அனுப்பவேண்டிய இடத்துக்கு அனுப்பாமல், எவரும் பார்க்காத ஒரு பழைய கிளைக்கு அனுப்பியிருக்கிறாள். தொலைபேசியில் இருபது நிமிடம் கதைத்ததும் விடயம் விளங்கிவிட்டது. அந்த வாரம் முடிவதற்குள் அவளுடைய திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இருபது நிமிடம். இந்த உரை முழுவதும் அந்த இருபது நிமிடத்தைப் பற்றியதுதான்.

முதலில், அவள் எதற்குள் நுழைய முயன்றாள் என்பதைச் சொல்லிவிடுகிறோம். திறந்த மூல மென்பொருள் என்றால், அதன் உள்ளே எழுதப்பட்டிருப்பதை எவரும் வாசிக்கலாம், பாவிக்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். லினக்ஸ், ஃபயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ் எல்லாம் இந்த வகை. உங்கள் கைப்பையில் இருக்கும் அன்ட்ரொயிட் தொலைபேசியின் அடியிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. உலகெங்கும் சம்பளத்துக்கும் சம்பளமில்லாமலும் பலர் சேர்ந்து இவற்றை எழுதுகிறார்கள்.

இது நமக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, காணாமற் போனவர்களின் பெயர்களையும் முகாம்களின் விபரங்களையும் எந்த நிறுவனம் எங்கே என்ன உதவி செய்கிறது என்பதையும் ஓரிடத்தில் பதிவதற்கு வழி இருக்கவில்லை. அந்த நாட்களிலேயே கொழும்பில் மென்பொருள் துறையைச் சேர்ந்த தொண்டர்கள் கூடி இரவுபகலாக ஒரு மென்பொருளை எழுதினார்கள். லங்கா மென்பொருள் மன்றம் அதற்குத் துணைநின்றது. அதற்கு 'சஹானா' என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அடுத்த ஆண்டு பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோது அங்கேயும், 2010 இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது அங்கேயும் அது பயன்பட்டது. திறந்திருந்தபடியால்தான் எவரிடமும் அனுமதி கேட்டுக் காத்திராமல் எடுத்துப் பாவிக்க முடிந்தது. அமெரிக்காவிலுள்ள சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை சமூக நலனுக்கான தன் விருதை 2006 ஆம் ஆண்டுக்குச் சஹானாவுக்கு வழங்கியது. இந்த விருதின் பெயரை நினைவில் வைத்திருங்கள். மீண்டும் வருவோம்.

வைத்தியத் துறையிலும் அப்படியே. இந்தியானாவிலிருந்து கென்யாவின் எல்டொரெட் நகருக்குச் சென்ற வைத்தியர்கள் எச்.ஐ.வி. நோயாளரின் பதிவுகளைப் பேண வழியின்றித் தவித்து 2004 இல் தொடங்கிய முயற்சிதான் ஓப்பன் எம்.ஆர்.எஸ். இன்று வசதி குறைந்த பல நாடுகளின் வைத்தியசாலைகளில் அது ஓடுகிறது. 2020 ஜனவரியில் கொரோனா நம் நாட்டுக்கு வந்த நாட்களில், ஒஸ்லோ பல்கலைக்கழகம் பேணிவரும் டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறந்த மென்பொருளின் மேல், வந்திறங்கும் பயணிகளைக் கண்காணிக்கும் ஒரு பதிவுமுறையைச் சுகாதார அமைச்சுடன் சேர்ந்து அமைத்தவர்கள் இலங்கையர்கள். அதைப் பார்த்துப் பல நாடுகள் தமக்கும் அமைத்துக்கொண்டன.

ஆகவே கதவு திறந்திருக்கிறது. எங்கள் பிள்ளை அந்தக் கதவடியில் பத்தொன்பது நாள் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாளே, அது ஏன்?

திறந்த கதவும் ஒருவருக்குச் சுவராகத் தெரியலாம். எங்கே தொடங்குவது, யாரிடம் கேட்பது, இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்களா என்று உள்ளே இருப்பவர்கள் எவரும் சொல்வதில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு வேலை அதிகம். புதிதாக வந்த ஒருவர் வாசலில் நிற்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

இதற்கு மருந்தாகத்தான் வழிகாட்டலுடன் கூடிய பயிற்சித் திட்டங்கள் வந்தன. பெரியது, கூகிள் நிறுவனம் 2005 இல் தொடங்கிய 'சம்மர் ஒஃப் கோட்'. முதலாண்டில் சுமார் 400 மாணவர்கள். விடுமுறைக் காலத்தில் ஒரு மாணவர் ஒரு திறந்த மூலச் செயற்றிட்டத்தில் வேலை செய்வார். அந்தச் செயற்றிட்டத்தைச் சேர்ந்த ஒருவர் வழிகாட்டியாக இருப்பார். இடையிலும் முடிவிலும் வழிகாட்டி மதிப்பீடு செய்வார். தேறினால் கூகிள் உதவித்தொகை கொடுக்கும். ஓப்பன் எம்.ஆர்.எஸ். 2007 முதல் இத்திட்டத்தின் கீழ் மாணவர்களை ஏற்று வழிகாட்டிவருகிறது. சஹானாவும் மாணவர்களை ஏற்றது.

இந்தத் திட்டத்தின் முதற் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் எது தெரியுமா? அமெரிக்காவிலும் இல்லை, இந்தியாவிலும் இல்லை. நமது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். நம் பிள்ளைகளுக்கு மூளை இருக்கிறது என்பது ஒரு பக்கம். மூளை எல்லா ஊரிலும் இருக்கிறது. ஓராண்டு பங்குபற்றியவர் அடுத்த ஆண்டு கீழ்வகுப்புப் பிள்ளைக்கு "இப்படி எழுது, இங்கே கேள், பதில் வராவிட்டால் இரண்டு நாள் கழித்து மரியாதையாக நினைவூட்டு" என்று சொல்லக்கூடியவராகிவிடுகிறார். விடுதி அறையில் பக்கத்துக் கட்டிலில் அப்படி ஒருவர் இருந்தால் பாதி வழி முடிந்துவிட்டது. எங்கள் பிள்ளைக்குப் பக்கத்துக் கட்டிலில் எவரும் இருக்கவில்லை.

பெண்பிள்ளைகள் என்று வரும்போது கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். 2006 இல் க்னோம் என்ற செயற்றிட்டத்துக்குச் சம்மர் ஒஃப் கோட் வழியாக 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பெண்ணுடையது அல்ல. "பெண்களுக்கு ஆர்வமில்லை" என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். சொல்லவில்லை. பெண் மாணவிகளுக்கென்று மூன்று பயிற்சியிடங்களை அறிவித்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. மூன்றை ஆறாக்க வேண்டியதாயிற்று.

ஒரே ஆண்டு, ஒரே வேலை. ஒரு அழைப்புக்குப் பூச்சியம், மற்ற அழைப்புக்கு நூறு. அந்த நூறு பேரும் ஒரே மாதத்தில் திடீரென்று கெட்டிக்காரிகளாகிவிடவில்லை. "உங்களைத்தான் கேட்கிறோம்" என்று ஒருவர் சொல்லும்வரை, பொது அழைப்பு தங்களையும் சேர்த்தது என்று அவர்கள் நினைத்திருக்கவில்லை. அவ்வளவுதான். இந்த இரண்டு எண்களும் எங்கள் குழுவில் எல்லோர் வாயையும் அடைத்துவிட்டன. எத்தனை விளம்பரத்தை, எத்தனை பதவியை, "அது எங்களுக்கில்லை" என்று நாங்கள் புரட்டிவிட்டுப் போயிருக்கிறோம் என்று ஒவ்வொருத்தியும் யோசித்தோம்.

அந்த முயற்சி இடையில் நின்று 2010 இல் மீண்டும் எழுந்தது. அதை எழுப்பி ஆண்டுக்கணக்காகத் தாங்கியவர் மரீனா ஷுராகின்ஸ்கயா என்ற மென்பொருள் பொறியியலாளர். 2022 இல் அவர் காலமானார். அவர் வளர்த்த அந்தத் திட்டத்துக்கு 2013 ஆம் ஆண்டுக்கான ஒரு விருது கிடைத்தது. எந்த விருது? சஹானாவுக்குக் கிடைத்த அதே விருது. பேரழிவில் காணாமற் போனவர்களைத் தேடிய மென்பொருளுக்குக் கொடுத்ததை, வாசலில் நின்றவர்களை உள்ளே அழைத்த திட்டத்துக்கும் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே தரத்துச் சமூகப் பணி என்று கருதியதில் எங்களுக்கு உடன்பாடு.

2015 முதல் அத்திட்டத்தின் பெயர் அவுட்ரீச்சி. க்னோமை விட்டு வெளியே வந்து பல செயற்றிட்டங்களுக்கும் பொதுவானதாகிவிட்டது. பெண்களுடன், தொழில்நுட்பத் துறையில் இடம் மறுக்கப்பட்ட ஏனையோரும் சேரலாம். ஆண்டுக்கு இரண்டு தடவை, மூன்று மாதம், வீட்டிலிருந்தே வேலை. உதவித்தொகை இப்போது 7000 அமெரிக்க டொலர். இதுவரை ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இந்தப் பயிற்சியைப் பெற்றிருக்கிறார்கள். தெரிவு செய்யும் முறைதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. பெறுபேற்றுப் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு எடுப்பதில்லை. சில வாரங்கள் விண்ணப்பதாரி அந்தச் செயற்றிட்டத்தில் சின்னச் சின்ன வேலைகளைச் செய்து காட்ட வேண்டும். வழிகாட்டி அவற்றைத் திருத்திக் கொடுப்பார். ஆகவே தெரிவு செய்யப்படாதவளும் எதையோ கற்றுக்கொண்டுதான் போகிறாள்.

இதையெல்லாம் கேட்டபோது எங்களில் வைத்தியரானவர்களுக்கு ஒரு பழைய ஞாபகம் வந்தது. எம்.பி.பி.எஸ். முடித்தவுடன் எவரையும் தனியே விட்டுவிடுவதில்லை. ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. ஆறு மாதம் ஒரு விடுதி, ஆறு மாதம் இன்னொன்று. சம்பளம் உண்டு. மேலே யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி எழுதியிருக்கும். முதல் வாரத்தில் ஓர் இரவு இரண்டு மணிக்கு நோயாளி ஒருவருக்கு மூச்சு வாங்கியது. கை நடுங்க மூத்த வைத்தியரை அழைத்தோம். செருப்போடு ஓடிவந்தார். "இதுக்கும் கூப்பிட வேணுமோ?" என்று அவர் கேட்கவில்லை. நோயாளியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டார். நாங்கள் சொன்னது பாதி சரி. மீதியை அவர் சேர்த்தார். மருந்தை எங்கள் கையாலேயே கொடுக்க வைத்தார். அடுத்த இரவு அவரை அழைக்க வேண்டியிருக்கவில்லை. இன்று எங்களை இளையவர்கள் அழைக்கும்போது அந்தச் செருப்புச் சத்தம்தான் எங்கள் காதில் கேட்கும்.

நல்ல பயிற்சித் திட்டத்துக்கு வேண்டியது மூன்றே மூன்று என்று அந்த அனுபவத்திலிருந்து நாங்கள் சொல்வோம். முதலாவது, பெயர் தெரிந்த ஒருவர். "யாரிடமும் கேட்கலாம்" என்றால் யாரிடமும் கேட்க முடியாது என்றுதான் பொருள். "இவரிடம் கேள், இத்தனை மணிக்குள் பதில் வரும்" என்று இருக்க வேண்டும். இரண்டாவது, உண்மையான வேலை. பயிற்சிக்கென்று செய்துவிட்டு எறியப்படும் வேலையால் எவரும் நிமிர்ந்து நிற்பதில்லை. சின்னதென்றாலும் அது பாவனைக்குப் போக வேண்டும். மூன்றாவது, பணம். இதைச் சொல்ல நாம் கூச்சப்படுகிறோம். ஆனால் உழைப்பை இலவசமாகக் கொடுக்க வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே இலவசப் பயிற்சி. வீட்டுக்குப் பணம் தேவைப்படும் பிள்ளை அந்த மூன்று மாதத்தில் ரியூசன் கொடுக்கப் போய்விடுவாள். அவளைக் குறைசொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

குறைகளும் உண்டு. பயிற்சி முடிந்ததும் பலர் அந்தச் செயற்றிட்டத்தை விட்டுப் போய்விடுகிறார்கள். வழிகாட்டிகள் களைத்துப் போகிறார்கள். வழிகாட்டி ஒருவர் மட்டும் இருந்து அவருக்குச் சுகமில்லாமற் போனால் பிள்ளை நடுத்தெருவில் நிற்கிறாள். அதனால்தான் ஒரு பயிலுநருக்கு இரண்டு வழிகாட்டிகள் இருப்பது நல்லது என்கிறார்கள். "நானே செய்துவிட்டால் சுருக்கமாக முடியும்" என்று வழிகாட்டியே வேலையைச் செய்துகொடுப்பது மிகக் கெடுதியான குறை. அன்றிரவு மூத்த வைத்தியர் ஊசியைத் தானே போட்டிருந்தால் நாங்கள் இன்னும் அவரை அழைத்துக்கொண்டுதான் இருந்திருப்போம்.

"மென்பொருளை யார் எழுதினால் என்ன, வேலை செய்தால் சரிதானே?" என்று எங்கள் குழுவிலேயே ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு நோயாளியின் கதைதான் பதில். அவரே வெளிப்படையாக மேடைகளில் சொல்லிவருவதால் பெயரைச் சொல்லலாம். கேரன் சான்ட்லர் என்ற அமெரிக்கச் சட்டத்தரணிக்கு இதயத் தசை தடிக்கும் நோய். திடீரென்று இதயம் நின்றால் மின்னதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றும் கருவி ஒன்று அவர் நெஞ்சுக்குள் வைக்கப்பட்டது. "என் உடம்புக்குள் ஓடும் மென்பொருளை நான் பார்க்கலாமா?" என்று அவர் கேட்டார். காட்டமாட்டோம் என்றார்கள். பின்னர் அவர் கருவுற்றார். கர்ப்ப காலத்தில் நெஞ்சு படபடப்பது வழமை என்பது இங்கிருக்கும் தாய்மாருக்குத் தெரியும். கருவி அதை ஆபத்தென்று எடுத்து, தேவையில்லாமல் அதிர்ச்சி கொடுத்தது. அதைத் தடுக்க, இதயத்தை மெதுவாக்கும் மருந்தை எடுத்து, மாடிப்படி ஏறவும் சிரமப்பட்டு அவர் நாட்களைக் கழிக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட கருவியைப் பொருத்திக்கொள்பவர்களில் கர்ப்பிணிகள் மிகச் சிலரே. அந்தச் சிலரை மனதில் வைத்து எவரும் அதை எழுதியிருக்கவில்லை.

அந்தக் கேரன் சான்ட்லர்தான் பின்னாளில் அவுட்ரீச்சியைத் தாங்கும் அமைப்பின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர். அந்தத் திட்டத்தை வளர்த்ததில் அவருக்கும் பெரும் பங்குண்டு. மேசையைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பது நெஞ்சுக்குள் இருக்கும் கருவிவரை போய்ச் சேரும். தமிழ்ப் பெயர் அகரவரிசை மாறி வருவது சின்ன விடயந்தான். ஆனால் அது எங்கள் பிள்ளையின் கண்ணில்தான் பட்டது. விடுதியில் நோயாளியின் பெயரைத் தேடும் தாதிக்கு அது சின்ன விடயமல்ல என்பது எங்களுக்குத் தெரியும்.

இனி எங்கள் வேண்டுகோள்.

நூற்றாண்டு நினைவாக நுழைவாயில் வளைவு கட்டப்படுகிறது. வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வகுப்பு அதற்குப் பணமும் கொடுத்தாயிற்று, பெயரும் கல்லில் பொறிக்கப்படப் போகிறது. அதனோடு இன்னொரு வாசலையும் திறப்போம் என்கிறோம்.

நம் நாட்டில் உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழகத்தில் காலடி வைப்பதற்கும் இடையில் ஒரு நீண்ட காத்திருப்பு இருக்கிறது. பல மாதங்கள், சில வேளை ஒரு வருடத்துக்கும் மேல். அந்தக் காலத்தில் எத்தனை பிள்ளைகளின் உற்சாகம் வடிந்துபோகிறது என்று தாய்மாருக்குத் தெரியும். பதினெட்டு வயது நிரம்பியவர்கள் அவுட்ரீச்சிக்கு விண்ணப்பிக்கலாம். சம்மர் ஒஃப் கோட்டும் 2022 முதல் பல்கலைக்கழக மாணவரல்லாத புதியவர்களுக்கும் திறந்திருக்கிறது. அவர்களுக்கு நேரமும் இருக்கிறது, வயதும் இருக்கிறது. இல்லாதது பக்கத்துக் கட்டில் அக்கா.

அந்த அக்காவாக நாம் இருப்போம். கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று எங்கே மென்பொருள் வேலை செய்யும் பழைய மாணவி இருந்தாலும் சங்கத்தில் பெயரைப் பதியுங்கள். மூன்று மாதத்துக்கு, வாரம் ஒரு மணித்தியாலம். ஒரு பிள்ளைக்கு இரண்டு அக்காமார். நிபந்தனை ஒன்றே ஒன்று: பிள்ளை கேள்வி அனுப்பினால் இரண்டு நாளுக்குள் பதில் போக வேண்டும். "பார்த்தேன், சனிக்கிழமை விபரமாக எழுதுகிறேன்" என்பதும் பதில்தான். மௌனம் மட்டும் கூடாது. மௌனத்தைப் பெண்பிள்ளைகள் "நான் பிழை" என்றே மொழிபெயர்க்கிறார்கள். நாமும் அப்படித்தான் மொழிபெயர்த்தோம்.

கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. திறந்த மூலச் செயற்றிட்டங்களுக்குச் செய்நிரல் எழுதுபவர் மட்டும் போதாது. பாவனைக் கையேடு எழுத வேண்டும், திரையில் வரும் சொற்களைத் தமிழாக்க வேண்டும், சோதித்துப் பார்க்க வேண்டும். கலைப்பிரிவுப் பிள்ளைகளும் இதற்குள் வரலாம். எங்கள் பிள்ளைகளுக்குச் செய்நிரலைவிட ஆங்கிலத்தில் நாலு வரி எழுதுவதே பயம். அந்த நாலு வரியை எழுதிப் பழக்க ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியைகளைவிடச் சிறந்தவர் யார்? மிஸ், முன்வரிசையில் இருந்து சிரிக்கிறீர்கள், உங்களைத்தான் சொல்கிறோம்.

கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கும் வழி வேண்டும். 13 முதல் 17 வயதுவரையான பாடசாலைப் பிள்ளைகளுக்காகக் கூகிள் 2010 இல் 'கோட் இன்' என்ற போட்டியைத் தொடங்கியது. இலங்கைப் பிள்ளைகளும் அதில் பங்குபற்றினார்கள். 2019 ஆம் ஆண்டுப் போட்டியோடு அது நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த இடம் இப்போது வெறுமையாக இருக்கிறது. மாதம் இரண்டு சனிக்கிழமை எங்கள் கல்லூரிக் கணினி அறையில், ஆசிரியை ஒருவரின் முன்னிலையில், நாமே அதைச் சின்னதாகச் செய்யலாம். எங்கள் காலத்தில் அந்த அறைக்குள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவோம். கணினிகளுக்கு உறை போட்டிருக்கும். உறையைக் கழற்றிப் பார்த்த நாட்கள் குறைவு. இன்று உறையுமில்லை, பயமும் குறைவு. கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருந்தால் போதும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். விண்ணப்பிக்கும் வாரங்களுக்கு எவரும் உதவித்தொகை தருவதில்லை. தெரிவான பிறகுதான் பணம். ஆகவே அந்த வாரங்களில்தான் வசதியற்ற பிள்ளை விலகிவிடுகிறாள். நூற்றாண்டு நிதியிலிருந்து ஆண்டுக்கு நான்கு பிள்ளைகளுக்கு அந்தக் காலத்துக்கு ஒரு சிறு தொகையும், கடனாக ஒரு மடிக்கணினியும், இணையச் செலவும் கொடுக்கலாம். கணக்கை எங்கள் வகுப்புக் கணக்காளர் எழுதிப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறார். முதல் இரண்டு ஆண்டுக்கான பணத்தை எங்கள் வகுப்பே தருகிறது. மூன்றாம் ஆண்டு வேறொரு வகுப்பு எழுந்து நிற்கும் என்று நம்புகிறோம். பெற்றோருக்கு ஒரு சொல்: இந்த இரண்டு திட்டங்களும் பிள்ளையிடம் பணம் கேட்பதில்லை. "பயிற்சி தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்" என்று எவராவது வந்தால் அது வேறு வியாபாரம்.

நான்கு பேரில் இரண்டு பேர் தெரிவாகாமற் போகலாம், நான்கு பேருமே போகலாம். அதனால் மனம் சோர வேண்டாம். பதில் கிடைத்த பிள்ளை, தெரிவாகாவிட்டாலும் மறுபடி கேட்பாள். பதிலே கிடைக்காத பிள்ளைதான் திரும்பி வரமாட்டாள்.

அன்று வாசலில் வந்து கேட்ட பிள்ளை இப்போது பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டில் இருக்கிறாள். போன மாதம் மெல்பேண் தோழிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். தன் விடுதியில் இன்னொரு பிள்ளை ஏதோ ஒரு திருத்தத்தை அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று அழுதுகொண்டிருந்தாளாம். "நான் பார்த்தனான் அக்கா. பிழையான கிளைக்கு அனுப்பியிருக்கிறாள். சொல்லிக் குடுத்திட்டன்" என்று எழுதியிருந்தாள்.

நூறு ஆண்டுகளாக இந்தக் கல்லூரி செய்துவந்ததும் இதுதான். ஒருத்திக்குத் தெரிந்ததை அடுத்தவளுக்குச் சொல்லிக் கொடுப்பது. வெளியேறும் வாசலில் பதிவுப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறோம். பேனாவும் கட்டியிருக்கிறது. வாரம் ஒரு மணித்தியாலம் தரக்கூடியவர்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிவிட்டுப் போகும்படி மிகத் தாழ்மையுடன் கேட்டு விடைபெறுகிறோம்.